வலிமைக்கு வரம்பு வேண்டாவா?

யார் வெல்வார் என்பது ஆடி முடியும்வரை தெரியாதிருந்தால்தான் அதற்கு ஆட்டம் என்று பெயர். முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்ட ஆட்டத்தைக் காண எவரும் அமரார். ஆட எவரும் எழார். இவ்வெளிய உண்மையை மனத்திற் கொண்டு, போக்கிமான் என்னும் விளையாட்டில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அளவு மீறிய வலிமை பெற்ற ஓர் உயிரைப் போட்டிக் களத்திலிருந்து விலக்கலாமா, கூடாதா என்பதே அவ்வழக்கு.

விளையாட்டுப் பேச்சுக்கு இத்தனை பக்கங்களா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கக் கூடும். நம் பிள்ளைகள் நீதி என்னும் சொல்லை நூலிற் படிப்பதற்கு முன்பே அதை ஆட்டக் களத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். “இது அழுகுணி ஆட்டம்” என்று ஒரு சிறுவன் கூவும்போது, சட்ட நூல்கள் பேசும் அதே கேள்வியைத்தான் அவன் தன் மொழியில் எழுப்புகிறான். அவனுக்கு நாம் என்ன விடை சொல்கிறோம்? “தோற்றுவிட்டாய், அதனால் அழுகிறாய்” என்று வாயை அடைக்கிறோமா? அவன் சொல்வதில் நியாயம் உண்டா என்று நின்று பார்க்கிறோமா? இவ்வழக்கின் உயிர்நாடி இங்குதான் இருக்கிறது. இத்தகைய ஆட்டங்களில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் செலவிடலாம் என்பது வேறு கேள்வி. அதை இங்கு தொடவில்லை.

ஆட்டத்தின் அமைப்பை அறியாதார்க்குச் சிறிது சொல்லிவிடுவோம். ஜப்பானியரான சதோஷி தஜிரி, சிறு வயதில் வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிப் பிடித்துச் சேர்த்த இன்பத்தைக் கருவாகக் கொண்டு உருவாக்கிய விளையாட்டு இது. 1996 பிப்ரவரி 27-ஆம் நாள் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வெளிவந்தது. அன்று அதில் இருந்த உயிர்கள் 151. இன்று ஆயிரத்துக்கும் மேல். உயிராற்றல், தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, விரைவு என்னும் ஆறு திறன்களுக்கு ஒவ்வோர் உயிருக்கும் எண்கள் உண்டு. நீர் நெருப்பை அடக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும் என்றவாறு வகைகளுக்குள் ஏற்றத்தாழ்வும் உண்டு. போட்டிக்கு வருபவர் ஆறு உயிர்கள் கொண்ட ஓர் அணியைத் தேர்ந்து வருகிறார். எதை எடுப்பது, எதை விடுவது, எதிரி எதை எடுத்திருப்பான் என்று எண்ணிப் பார்ப்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. தேர்வுதான் இவ்வாட்டத்தின் உயிர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். 2013-ல் வெளிவந்த பதிப்புகளில் ‘மெகா உருமாற்றம்’ என்ற புது முறை புகுந்தது. குறிப்பிட்ட சில உயிர்கள் தமக்குரிய கல்லை ஏந்தியிருந்தால், போரின் நடுவே பேருருக் கொள்ளும். ஓர் அணியில் ஓர் உயிர்தான், ஒரு போரில் ஒரு முறைதான் அவ்வாறு மாறலாம். கல்லை ஏந்திய உயிர் வேறு எந்தப் பொருளையும் ஏந்த முடியாது. பேராற்றலுக்குச் செலுத்தும் விலை அது. 2014 நவம்பரில் வந்த பதிப்புகளில் ரேக்குவாசா என்னும் பறக்கும் நாகமும் மெகா உருப் பெற்றது. அதற்கு மட்டும் கல் வேண்டியதில்லை என்று ஆட்டத்தை வகுத்தவர்கள் விதித்தார்கள். குறிப்பிட்ட ஒரு தாக்குதலைக் கற்றிருந்தாற் போதும், அது உருமாறிவிடும். மற்றவர்கள் விலை கொடுத்து வாங்கியது இதற்கு இலவசமாயிற்று.

விளைவு என்ன? அதன் ஆறு திறன்களின் கூட்டு 780. தாக்கு 180, சிறப்புத் தாக்கும் 180. இரண்டும் ஒன்றாக இருப்பதால் எந்த வழியில் அடி விழும் என்று எதிரியால் கணிக்க இயலாது. ஒன்றைத் தடுக்க அணியம் செய்தால் மற்றொன்று வந்து விழும். கை வெறுமையாக இருப்பதால், அடியின் வலிமையை 30 விழுக்காடு கூட்டும் பொருளை அது ஏந்திக்கொள்ளலாம். அது உருமாறும் கணத்தில் எழும் பெருங்காற்று, பறக்கும் வகைக்கு உரிய பலவீனங்களை நீக்கிவிடுகிறது. பனித் தாக்குதலால் நான்கு மடங்கு வருந்த வேண்டிய உயிர் இரண்டு மடங்கோடு தப்புகிறது. அக்காற்று எழுந்ததும், கையோகர் கொணர்ந்த பெருமழையும் க்ரவுடன் கொணர்ந்த கடுவெயிலும் அடங்கிப் போகின்றன. தன்னைவிட விரைந்தோடும் உயிர்களையும் முந்திக்கொண்டு தாக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு.

போக்கிமான் போட்டிகளுக்கு விதி வகுக்கும் ஆட்டக்காரர் குழாங்களில் பெரியது 2004-ல் தொடங்கிய ஸ்மோகான். அக்குழாம் உயிர்களை வலிமைக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, பொது வகுப்பில் அடங்காத பேராற்றல் உடையவற்றை ‘ஊபர்ஸ்’ என்னும் மேல்வகுப்பில் வைத்திருந்தது. மற்ற இடங்களில் விலக்கப்பட்டவை எல்லாம் கூடும் இடம் அது. மெகா ரேக்குவாசா அங்கும் அடங்கவில்லை. 2014-ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்த மேல்வகுப்பிலிருந்தும் அது விலக்கப்பட்டது. ‘எதுவும் செல்லும்’ என்று பொருள்படும் பெயரில் அதற்கும் மேலாக ஒரு புதுப் பிரிவு ஏற்பட்டது. அன்று எழுந்த பூசல் இன்றும் வேறு வேறு பெயர்களில் தொடர்கிறது. இத்தடை நேரியது என்பதே நம் கட்சி. எதிர்க்கட்சியார் கூறும் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: “எல்லாரும் அதை எடுக்கலாமே! இரு தரப்பாருக்கும் கிடைக்கும் ஒன்றில் அநீதி எங்கே?” கேட்பதற்கு இது நியாயமாகவே ஒலிக்கிறது. அதே பதிப்பை வாங்கிய ஒவ்வொரு சிறுவனுக்கும் ரேக்குவாசா கதையின் போக்கிலேயே கிடைக்கத்தான் செய்கிறது. ஆயினும் கிடைப்பது வேறு, தேர்வது வேறு. ஒன்றை எடுக்காதவன் தோற்பான் என்றால் அதை எடுப்பது தேர்வாகாது, கட்டாயமாகும். அணிக்கு ஓர் உயிர்தான் மெகா உருக் கொள்ளலாம் என்பதால், அந்த ஓரிடத்தை இது பிடித்துக்கொண்டதும் மெகா உரு உடைய மற்ற உயிர்கள் எல்லாம் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. ஆயிரம் கதவுள்ள மாளிகையில் ஒரு கதவைத் தவிர மற்றவற்றைப் பூட்டிவிட்டு, எல்லாரும் அவ்வொரு கதவால் வரலாமே என்பது என்ன சமத்துவம்?

நீச்சல் உலகம் இந்த வாதத்தை முன்பே கேட்டிருக்கிறது. நெகிழிப் பூச்சுள்ள நீச்சலுடைகள் பரவியபோது, 2009-ல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் முறியடிக்கப்பட்டன. அவ்வுடைகள் சந்தையில் கிடைத்தவைதாம். இருந்தும் 2010 சனவரி முதல் அவற்றை விலக்கினார்கள். நீந்துபவனின் தோளை அளப்பதற்காக ஏற்பட்ட போட்டி, உடையின் தையலை அளக்கத் தொடங்கிவிட்டதென்று அவர்கள் கண்டார்கள்.

இரண்டாம் வாதம் சதுரங்கத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. “சதுரங்கத்தில் அரசி எல்லாக் காய்களிலும் வலியவள். அவளை யாராவது விலக்கினார்களா?” என்கிறார்கள். அரபு நாட்டார் ஆடிய ஷத்ரஞ்சில் அவ்விடத்தில் நின்ற காய் ஃபிர்ஸான் என்னும் மந்திரி. அது மூலைவாக்கில் ஒரு கட்டம்தான் நகரும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அதற்குப் பேராற்றல் கொடுத்தார்கள். ஆட்டம் அழியவில்லை, விரைவு பெற்றது. இவையெல்லாம் மெய்யே. ஆனால் சதுரங்கத்தில் காயைத் தேர்வது இல்லை. இரு தரப்பாருக்கும் ஒரே படை வகுத்துத் தரப்பட்டுவிடுகிறது. அரசி வலியவளாக இருப்பதால் யானையோ குதிரையோ பலகைக்கு வராமற் போவதில்லை. அவளை ஒரு சிப்பாயும் வெட்டலாம். தேர்வை உயிராகக் கொண்ட ஆட்டத்துக்குத் தேர்வே இல்லாத ஆட்டத்தை உவமை காட்டுவது பொருந்தாது.

மூன்றாம் வாதம்: “ஆட்டத்தைப் படைத்தவர்கள் கொடுத்ததை விலக்க நீங்கள் யார்?” ஆட்டத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் இவ்வாதத்துக்குப் படைத்தவர்களே விடை சொல்லியிருப்பதைக் காணலாம். 1996-ஆம் ஆண்டுப் பதிப்பில் மியூட்டூ என்றோர் உயிர் இருந்தது. அன்றைய கணக்கில் அதன் திறன்களின் கூட்டு 590. அதற்கு அடுத்த நிலையில் இருந்தவற்றின் கூட்டு 500. இடையில் இருந்தது 90 புள்ளிப் பள்ளம். அது மனோசக்தி வகையைச் சேர்ந்தது. அவ்வகையை அடக்க வேண்டிய ஆவி வகைத் தாக்குதல்கள், ஆட்டத்தை எழுதியதில் நேர்ந்த பிழையால் அதன்மேல் படவே இல்லை. 1997-ல் நிண்டெண்டோ நிறுவனமே நடத்திய கோப்பைப் போட்டியில் மியூட்டூவுக்கும் மியூவுக்கும் இடமில்லை என்று விதித்தார்கள். பின்னர் வந்த ‘போக்கிமான் ஸ்டேடியம்’ ஆட்டத்தில் அவ்விரண்டையும் சேர்க்காத கோப்பை ஒன்றும், எல்லாவற்றுக்கும் இடம் தரும் கோப்பை ஒன்றும் அருகருகே இருந்தன. தாம் படைத்த ஒன்றைப் பொதுக் களத்திலிருந்து விலக்கி, அதற்கென்று தனிக் களமும் திறந்துவைக்கும் வழக்கம் படைத்தவர்களிடமிருந்தே தொடங்குகிறது. 2014-ல் ஆட்டக்காரர்கள் செய்தது அவ்வழக்கத்தின் தொடர்ச்சியேயாகும்.

நான்காம் வாதம் சற்றுக் கூர்மையானது. “ஊபர்ஸ் என்பதே விலக்கப்பட்டவற்றின் புகலிடம். புகலிடத்திலிருந்தும் விலக்குவது முரண்பாடு அல்லவா?” முரண்பாடு போலத் தோன்றுவது உண்மை. ஆனால் அப்புகலிடத்தையே தம் களமாகக் கொண்டு, பேராற்றல் உடைய உயிர்களுக்கிடையே நுட்பமாகப் போரிடக் கற்றுக்கொண்ட ஒரு கூட்டம் அங்கே வளர்ந்திருந்தது. குப்பைமேடு என்று நினைத்த இடத்தில் குடியேறியவர்கள் வீடு கட்டித் தெருவும் வகுத்துவிட்டார்கள். பழைய பெயரைக் காட்டி, உங்களுக்கு நீதி தேவையில்லை என்பது எப்படிப் பொருந்தும்? எல்லையே இல்லாத களம் ஒன்று வேண்டுமென்பார்க்கு அது புதிதாகத் திறந்துவிடப்பட்டது. ஒருவர் விரும்பிய உயிரையும் யாரும் பறிக்கவில்லை. கதையிலும், தோழரோடு ஆடும் ஆட்டத்திலும், புதுப் பிரிவிலும் ரேக்குவாசா பறந்துகொண்டுதான் இருந்தது.

ஐந்தாம் வாதம்: “இன்று ஒன்றை விலக்கினால் நாளை அடுத்த வலியதை விலக்குவீர்கள், இதற்கு முடிவே இராது.” அச்சம் இயல்பானது, அது மெய்யாயிற்றா என்று பார்க்க வேண்டும். ரேக்குவாசா போன பின்பு ஊபர்ஸ் களத்தில் தலைமை பெற்றது க்ரவுடனின் ஆதி உரு. அதன் கூட்டு 770. பெரும்பாலான அணிகளில் அது இடம் பிடித்தது. எனினும் அந்தத் தலைமுறை ஆட்டத்தில் அதை யாரும் விலக்கவில்லை. தன் செவ்வுருண்டையை அது ஏந்தியே ஆக வேண்டும். அதற்கு எதிராக நிற்கத்தக்க உயிர்களும் இருந்தன. இன்னும் தெளிவான சான்று மெகா மியூட்டூ. அதன் இரு உருக்களுக்கும் கூட்டு 780. ரேக்குவாசாவின் அதே எண். இருந்தும் மியூட்டூ விலக்கப்படவில்லை. அது கல்லை ஏந்தி விலை கொடுத்தது. இது விலை கொடுக்கவில்லை. வேறுபாடு அங்கே இருந்தது. வலியது என்பதற்காகத் தடை விதிக்கவில்லை. தன் வலிமைக்கு எந்த விலையும் கொடாமல் எதிர்ப்பையும் இல்லாமற் செய்தது என்பதற்காகவே விதித்தார்கள்.

“2016-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் ரேக்குவாசா ஆடியதே, அங்கே உலகம் கவிழவில்லையே” என்றும் கேட்பர். ஆம், ஆடியது. அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோவில் வாகை சூடிய உல்ஃப் கிளிக்கின் அணியிலும் அது இருந்தது. ஆனால் அது இருவர் எதிர் இருவராக நிற்கும் களம். ஒன்றைப் பார்த்து இரண்டு உயிர்கள் ஒருசேரத் தாக்கலாம். துணை நிற்கும் உயிர் இடைபுகுந்து தடுக்கலாம். எதிரியின் தாக்கைத் தளர்த்தலாம். அங்கே பலரும் நாடியது க்ரவுடனையும் ஸெர்னியஸையும். தனித்து நின்று பொரும் களத்தில் அந்தத் தடுப்புகள் இல்லை. கடலில் ஓடும் மரக்கலத்தைக் குளத்தில் விட்டால் குளத்தில் வேறெதற்கும் இடமிராது. அது கலத்தின் குற்றமும் அன்று, கடலைக் காட்டி மறுக்கத்தக்க செய்தியும் அன்று. எந்தக் களத்துக்கு விதி வகுக்கிறோமோ அந்தக் களத்தைப் பார்த்தே வகுக்க வேண்டும்.

இதுவரை எதிர்க்கட்சியாரோடு பேசினோம். இனி நம் கட்சியிலேயே உள்ள சிலரோடும் பேச வேண்டியிருக்கிறது. அவர்களால்தான் இவ்வழக்கு மிகவும் கெட்டுப்போகிறது. தம்மைத் தோற்கடித்தது எதுவோ அதையெல்லாம் விலக்க வேண்டும் என்பது அவர்கள் கூச்சல். இன்று ஒன்றிடம் தோற்றால் இன்றே தடை. நாளை மற்றொன்றிடம் தோற்றால் நாளையே தடை. அவர்களுக்கு ஒரு சிறு அணிலைக் காட்டுவோம். 2014 ஆகஸ்டில் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பாக் பச்சிரிசு என்னும் மின்னணிலை அணியிற் சேர்த்து வந்தார். அதன் திறன்களின் கூட்டு 405 மட்டுமே. பலரும் திரும்பிப் பாராத உயிர் அது. எதிரியின் தாக்குதல்களைத் தன்மேல் இழுத்துக்கொண்டு தோழனைக் காக்கும் வேலையை அவர் அதற்குக் கொடுத்தார். உலக வாகையும் சூடினார். வலிமையைக் கண்டு அஞ்சுவதற்கு முன் அறிவைச் செலுத்திப் பார்த்தோமா என்னும் கேள்விக்கு அந்த அணில் ஓர் அழியாச் சான்று. அறிவைச் செலுத்தி, பல வழியும் முயன்று, அதன் பின்னும் வழியில்லையென்று கண்டாலன்றித் தடையைக் கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை.

ஆகவே தடை என்பது கூர்மையான கருவி. அதைக் கையாள்வதற்கு நான்கு வரம்புகள் வேண்டும் என்பது நம் துணிபு.

ஒன்று, சான்று. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பது சான்றாகாது. களத்தில் ஆடிப் பார்த்த போர்களின் போக்கே சான்று. ஓர் உயிர் பலராலும் எடுக்கப்படுகிறது என்பது மட்டும் போதாது. அது வந்தபின் மற்ற வழிகள் அடைபட்டனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு, தீர்ப்பவர். ஆடாதவர்கள் தீர்ப்பளிக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட தேர்ச்சியை எட்டியவர்களுக்கே வாக்குரிமை என்றும், பாதிக்குமேல் ஒரு வாக்கு என்பது போதாது, ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் இசைய வேண்டும் என்றும் ஸ்மோகான் வைத்துள்ள வழக்கம் பாராட்டத்தக்கது. தடையை வேண்டுபவர்கள்மேல் சான்றுச் சுமையை ஏற்றுவதே முறை.

மூன்று, அளவு. நோய் இருக்கும் இடத்தை மட்டும் அறுக்க வேண்டும். ரேக்குவாசா விஷயத்தில் அதுவே நடந்தது. உருமாறுவதைத் தடுத்தார்கள், உருமாறாத ரேக்குவாசா ஊபர்ஸ் களத்தில் ஆட இடம் கொடுத்தார்கள். அதற்கு நேர்மாறான நிலை 2019-ல் வந்தது. அவ்வாண்டுப் பதிப்பில் ஏறத்தாழ எந்த உயிரும் ஒரு போரில் ஒரு முறை மூன்று சுற்றுகளுக்குப் பேருருவம் கொள்ளும் ‘டைனமேக்ஸ்’ என்னும் முறை புகுந்தது. அங்கே குற்றம் ஓர் உயிரினிடத்தில் இல்லை, முறையிலேயே இருந்தது. உயிர்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகாமல் முறையையே அவ்வாண்டு டிசம்பரில் தனியர் களத்திலிருந்து விலக்கினார்கள். இருவர் களத்தில் அது தொடர்ந்தது. இரண்டு தீர்ப்புகளும் எதிரெதிராகத் தோன்றினும், நோயறிந்து மருந்திடல் என்னும் ஒரே நெறியிலிருந்து பிறந்தவை.

நான்கு, மறுபார்வை. காலம் மாறும், புதிய உயிர்கள் வரும், நேற்று எதிர்க்க முடியாதது இன்று எதிர்க்கத்தக்கதாகலாம். தடை விதித்தவர்கள் அதை ஒரு கல்வெட்டாக்கிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. 2019-ல் வந்த பதிப்பில் மெகா உருமாற்றமே இல்லாதிருந்தது. 2025 அக்டோபரில் வெளிவந்த ஆட்டத்தில் அது மீண்டும் வந்தது. பழைய தீர்ப்பை அப்படியே எடுத்து ஒட்டாமல், புதிய களத்தில் புதிதாக விசாரிப்பதே நேர்மை.

இந்நான்கும் பொருந்திய இடத்தில் தடையை எதிர்ப்பவர்கள், வலிமையின் உரிமையைப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, வலியவனை எடுத்தவனின் சோம்பலுக்கே காவல் நிற்கிறார்கள். மற்போரிலும் குத்துச்சண்டையிலும் எடைக்கேற்பப் பிரிவு வகுத்ததை யாரும் பெரிய உடலுக்குச் செய்த அவமதிப்பாகக் கொள்வதில்லை. பெரியவனுக்கும் பெரியவனே எதிர் நிற்கட்டும் என்று அங்கே ஏற்றுக்கொண்டவர்கள், இங்கே மட்டும் அதை மறுப்பானேன்?

நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்களை வென்ற உயிரின்மேல் கோபம் கொள்ளாதீர்கள். அதை வெல்ல வழி தேடுங்கள். தோழர்களோடு கூடி ஆடிப் பாருங்கள், கணக்கிட்டுப் பாருங்கள். வழியே இல்லையென்று தெளிந்தால், அப்போது எழுந்து நின்று, சான்றோடு, பணிவோடு, உரக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு சொல். அப்படி எழுந்து நிற்கும் பிள்ளையைத் தோல்விக்கு அழுகிறான் என்று உட்கார வைக்காதீர்கள். “உன் சான்று என்ன, காட்டு” என்று கேளுங்கள். அவன் காட்டுவதைப் பொறுமையாகப் பாருங்கள். அவன் சொல்வது சரியாக இருந்தால் விதியை மாற்ற முன்வாருங்கள்.